ஒலியில் மிதக்கும் துளியும் ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலையும்

தொடாமல் ஒரு பொருளைத் தூக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதுளை, ஹப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் தயக்கமின்றி "முடியும்" என்றே விடை கூறுவர். சில தொழிற்சாலைகளின் உலர்த்தும் இயந்திரங்களில், துளையிட்ட தட்டுக்குக் கீழிருந்து எழும் சூடான காற்று தேயிலைத் துகள்களை ஏந்திக்கொள்ள, அவை கொதிக்கும் நீர்போலப் பொங்கி மிதந்து நகர்கின்றன. உலர்ந்த தேயிலையைத் தரம் பிரிக்குமிடத்தில், உரசலால் மின்னேற்றம் பெற்ற பிளாஸ்டிக் உருளைகள் நார்களை மட்டும் மேலே இழுத்தெடுக்கின்றன. இங்கே தூக்குவது காற்றும் நிலைமின்னும்.

இவ்வரிசையில் ஒலிக்கும் இடமுண்டு. ஒலி என்பது காற்றில் ஏற்படும் அழுத்த மாற்றமே. எதிரெதிராக வரும் இரு ஒலியலைகள் சந்திக்கும்போது, அழுத்தம் பெரிதும் ஏறியிறங்கும் இடங்களும் அசையாதிருக்கும் இடங்களும் மாறிமாறி அமைகின்றன. அசையாத இடமே கணு. நுண்பொருள் அதனை விட்டு விலக முற்பட்டால் அலை அதனைத் திரும்பவும் அங்கே தள்ளிவிடும். ஜேர்மனிய அறிஞர் குண்ட் 1866இல் கண்ணாடிக் குழாயில் தூளைப் பரப்பி ஒலியெழுப்பியபோது, அது ஒழுங்கான இடைவெளிகளில் குவிந்ததைக் கண்டார். 1933இல் சிறு திரவத் துளிகள் அந்தரத்தில் நிறுத்தப்பட்டன. 2012இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் மருந்துக் கரைசல்களைப் பாத்திரம் எதிலும் படாமல் ஒலியில் மிதக்கவிட்டு ஆராய்ந்தது. பாத்திரத்தில் பட்டால் மருந்து பளிங்காகிவிடக்கூடும். பளிங்காகாத மருந்து உடலில் எளிதில் கரையும் என்பதே காரணம்.

எனினும் இவ்வாற்றலுக்கு எல்லையுண்டு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட எளிய கருவி 72 சிறு ஒலிபரப்பிகளைக் கொண்டது. அதன் மீடிறன் 40,000 ஹேர்ட்ஸ். மனிதச் செவிக்கு அது எட்டாது. அலைநீளம் ஏறத்தாழ 8.6 மில்லிமீற்றர் என்பதால், தூக்கக்கூடிய பொருளின் பருமனும் சுமார் 4 மில்லிமீற்றரே.

முன்னோர் ஒலியால் பாறைகளைத் தூக்கிக் கோபுரங்கள் கட்டினர் என்று கைத்தொலைபேசிகளில் உலவும் கதைகளை இவ்வளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். ஒரு மீற்றர் கனமுள்ள கருங்கல்லைத் தாங்க, ஒலியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் பாதிக்கு மேல் ஏறியிறங்க வேண்டும் என்பது எமது எளிய கணிப்பு. அருகில் நிற்பவர் உயிர் தப்பமாட்டார். இந்தியாவில் புனேக்கு அண்மையிலுள்ள சிவாபூர் தர்காவில், பதினொருவர் இறைநேசரின் பெயரை ஒருமித்து உரத்துக் கூறி, ஆளுக்கொரு விரலால் கல்லொன்றைத் தூக்குவதையும் இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அங்கே பாரம் பதினொரு விரல்களில் பகிரப்படுகிறது. ஒருமித்த குரல் எல்லா விரல்களையும் ஒரே கணத்தில் உயர்த்துகிறது. தோட்டத்தில் சரிந்த மரத்தைக் கூடித் தூக்கிய எவருக்கும் இது தெரியும். அவ்விடத்தின் மீதான பக்தியை இவ்விளக்கம் குறைத்துவிடாது என்பதே எமது கருத்து.

இத்தகைய கதைகள் எளிதில் நம்பப்படுவதற்கு எமது பாடசாலைகளின் நிலையும் ஒரு காரணமாகும். ஊவாவின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில், குறிப்பாகப் பெருந்தோட்டங்களில், உயர்தர விஞ்ஞான வகுப்புகள் உள்ளவை சொற்பமே. பௌதிகவியல் இங்கே பெரும்பாலும் கரும்பலகையோடு நின்றுவிடுகிறது. மேற்கூறிய கருவிக்கு வேண்டிய ஒலிபரப்பிகளோ, வாகனங்கள் பின்னோக்கிச் செல்லும்போது தடையை உணர்த்தும் கருவிகளில் உள்ளவற்றை ஒத்தவை, விலை மலிவானவை. அவ்வாறிருக்க, கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை தன் தோட்டத்துத் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு பாடவேளையைக் கழிப்பதற்கு எது தடை? 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே தேயிலைத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கின்றது. அதன் விரிவுரையாளர்களும் தோட்ட நிர்வாகங்களும் மாகாணக் கல்வித் திணைக்களமும் கலந்து பேசினால், வரும் தவணையிலேயே ஒரு பாடசாலையில் இதனைத் தொடங்கிவிடலாம்.