ரவை, ஈயம், அதிகாரம்: நாட்டுத் துப்பாக்கி குறித்துச் சில குறிப்புகள்

அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களின் பேச்சில் 'வார்மின்ட்' என்றொரு சொல் அடிபடும். புழுவைக் குறிக்கும் லத்தீன் மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'வெர்மின்', நாட்டுப்புறத்து வாயில் திரிந்து இப்படி ஆகியிருக்கிறது. தரையணில், வளை தோண்டும் கொறி விலங்குகள், கயோட்டி என்கிற அந்த ஊர் நரி - பயிருக்கும் மந்தைக்கும் ஆகாதவை, ஆகவே கணக்கு வைக்காமல் கொல்லலாம் என்று தீர்மானிக்கப்பட்ட உயிர்கள் அத்தனைக்கும் ஒரே பெயர். இவற்றைச் சுடுவதற்கென்றே சிறு விட்டத் துப்பாக்கிகளுக்கு ஈயமில்லாத தோட்டா வந்திருக்கிறது. மேலே மெல்லிய செம்பு உறை, உள்ளே செம்பும் வெள்ளீயமும் கலந்து அழுத்திய தூள். பட்ட மாத்திரத்தில் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத தோட்டா என்கிறார்கள். சாகிற அணிலுக்கு அதில் என்ன வித்தியாசம் என்பதை யாரும் கேட்கவில்லை, அது கிடக்கட்டும்.

பசுமலையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேச வேண்டிய அவசியம் என்ன? ஈயத்தை யார் உருக்கலாம், யார் உருக்கக் கூடாது என்பதில் இந்த மதுரைச் சமவெளிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நம்மிடம் துப்பாக்கியின் வரலாறு பாளையக்காரர், சிப்பாய், போலீஸ் என்று போரின் கதையாடலாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கொக்குக்கும் நரிக்கும் காட்டுப்பன்றிக்கும் கையால் மருந்து கெட்டித்துச் சுட்டவர்கள் அதற்குள் வருவதில்லை.

ஈயத்துக்கு முன்னால் மண் இருந்தது. உண்டிவில் என்பதை இன்றைக்குக் கவட்டைக் குச்சியும் ரப்பரும் என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய உண்டைவில் நிஜமான வில்; அம்புக்குப் பதில் களிமண்ணை உருட்டிக் காயவைத்த உருண்டையை விடும். கம்பனில் சிறு பிள்ளையான இராமன் கூனியின் முதுகில் அடித்தது அந்த மண் உண்டையால்தான். அரண்மனைப் பிள்ளைக்கு அது விளையாட்டு. அடிமைப் பெண்ணின் உடலில் அது மறக்காத நினைவு. காப்பியத்தின் திருப்பமே அங்கேயிருந்துதான் கிளம்புகிறது. அதற்கும் முன்னால், சங்கக் கவிதையின் தினைப்புனத்தில் தட்டையும் குளிரும் கவணும் கிளியை விரட்டின; பன்றிக்குக் கல்லால் செய்த அடார் பொறி இருந்தது. விரட்டுவதற்கு ஒரு கருவி, கொல்வதற்கு ஒரு கருவி. 'வெர்மின்' என்ற சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் கிடைக்காமல் நான் திண்டாடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தினை தின்ன வந்த கிளி அங்கே பகையாகவில்லை, காவலுக்குப் போன பெண்ணுக்கு அது சாக்காகவும் இருந்தது.

1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. தெற்கத்திப் பாளையங்களில் துப்பாக்கி, ஈட்டி, வேல் என எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது என்றது பிரகடனம். அதில் போரின் ஆயுதம் எது, புனங்காவலின் ஆயுதம் எது என்ற பிரிவினை இல்லை. பிறகு 1878இன் ஆயுதச் சட்டம்: இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். குடகர்களுக்கு மட்டும் விலக்கு. விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு அது. பசுமலைக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற கீழக்குயில்குடிக்காரர்கள் 1914இல் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், அதே சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. துப்பாக்கி யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இந்த இரண்டு ஊர்ப்பெயர்கள் போதும்.

இவ்வளவு ஆயுதப் பறிப்புக்கும் தப்பித்து, தோளில் துப்பாக்கியோடு மதுரைத் தெருவில் நடந்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் நரிக்குறவர்தான். வாக்ரி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அவர்களுடைய துப்பாக்கி, வாய்வழியாகக் கெட்டிக்கிறது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சேர்த்துச் செய்த கருமருந்து. முக்கால் பங்குக்கு வெடியுப்பே இருக்கும். அதைக் குழலில் கொட்டி, நாரையோ கந்தலையோ அடைத்து, கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ரவை. ரவை சிதறிவிடாமல் மறுபடியும் ஒரு அடைப்பு. வெடிக்கக் கேப்பு. ஒரு குறி தப்பினால் இவ்வளவையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்குள் கொக்கு அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். எந்தப் பறவைக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு ரவை என்பது கைக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் காலித் தோட்டாவை எடுத்துவைத்து, தராசில் மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைச் செருகி, தன் தோட்டாவைத் தானே செய்துகொள்வதை ஒரு பெரிய கலையாகக் கொண்டாடுகிறார்கள், புத்தகம் போடுகிறார்கள். இங்கே அதே வேலையைச் செய்தவனுக்கு நாகரிகமற்றவன் என்று பேர்.

நரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஊட்டியில் வெள்ளைக்காரத் துரைமார் சிவப்புக் கோட்டு மாட்டி, சீமையிலிருந்து வந்த வேட்டை நாய்களை விட்டு, குதிரையில் நரியைத் துரத்தினார்கள். இங்கிலாந்தின் குள்ளநரிக்குப் பதிலி. அது ஸ்போர்ட். வாக்ரி கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றால் அது காட்டுமிராண்டித்தனம். சாவது இரண்டு இடத்திலும் ஒரே நரிதான்.

ரவைக்கு வருவோம். 1782இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ், உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே தண்ணீரில் விழவைத்து உருண்டை ரவை செய்ய உரிமை வாங்கினார். அதற்கென்றே கோபுரங்கள் எழும்பின. ஆனால் ஈயத்துக்குக் கோபுரம் கட்டாயமில்லை என்பதுதான் விஷயம். 327 டிகிரியில் அது உருகிவிடும். மூணு கல்லடுப்பும் ஒரு பழைய கரண்டியும் போதும். வலைக்குண்டு, பழைய பேட்டரித் தகடு, எது கிடைத்தாலும் ரவையாகும். அச்செழுத்தும் அப்படித்தான்: ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம். இந்தப் பசுமலையில் அமெரிக்க மிஷனின் லெனாக்ஸ் அச்சகம் எழுத்துக் கோத்ததும் ஈயத்தில்தான்; நம் சிறுபத்திரிகைகள் ரொம்ப காலம் வந்ததும் ஈயத்தில்தான். அரசாங்கம் அச்சகத்துக்கும் துப்பாக்கிக்கும் சேர்த்தே லைசென்ஸ் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது!

ஏழையின் உலோகம் என்று ஈயத்தைச் சொல்லலாம். சொல்லிவிட்டு அதைப் புனிதப்படுத்தவும் முடியாது. அது விஷம். எலும்பில் தங்கும். குழந்தையின் மூளையில் இறங்கினால் திரும்பி வராது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது மருத்துவம். வாயில் ரவையை அதக்கிக்கொண்டு கெட்டிக்கிறவன், உருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, சுட்ட பறவையைச் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பம் - மூவருக்கும் அது போகிறது. கண்மாயில் குறி தப்பி விழுந்த ரவை சேற்றில் இறங்குகிறது. இரையை அரைக்கக் கல் பொறுக்குகிற நீர்ப்பறவை, ரவையையும் சேர்த்து விழுங்குகிறது.

இந்தக் கடைசி விஷயம்தான் அமெரிக்காவில் சட்டமானது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று 1991இல் நாடு முழுக்கத் தடை வந்தது. கலிபோர்னியாவின் காண்டோர் கழுகு 1982இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. 1987இல் காட்டிலிருந்த கடைசிக் கழுகு வரை பிடித்துக் கூண்டில் வளர்த்துத் திரும்ப விட்டார்கள். விட்டவையும் வேட்டைக்காரர் போட்டுவிட்டுப் போன குடலையும் சடலத்தையும் தின்று ஈயத்தால் செத்தன. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்த வன உயிர் வேட்டைக்கும் ஈயத் தோட்டா கிடையாது.

அதே 1991இல் இந்தியாவில் என்ன நடந்தது? 1972இன் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழியையே எடுத்துவிட்டார்கள். அங்கே ரவையைத் தடுத்தார்கள், இங்கே வேட்டையைத் தடுத்தார்கள். இங்குள்ள தடை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காடை, கௌதாரிக்கு அது வேண்டித்தான் இருந்தது. ஆனால் நம்முடைய சட்டம் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். 1959இன் ஆயுதச் சட்டம் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்கிறது. வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி நிஜமாகவே பயிர்க் காவலுக்குத்தானா என்று கேட்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாயா என்று கேட்கிறார்கள். எல்லாம் கையைப் பற்றிய கேள்விகள். குழலுக்குள் போகிற உலோகம் என்ன, அது யார் உடம்பில் போய்ச் சேரும் என்ற கேள்வி அதில் இல்லை. காண்டோரின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்க ஒரு அரசுக்குத் தோன்றியது. வாக்ரிக் குழந்தை, சட்டத்தின் பார்வையில், துப்பாக்கி வைத்திருப்பவனின் பிள்ளை; அவ்வளவுதான். அவர்களைப் பழங்குடி என்று ஒத்துக்கொள்ளவே 2023 ஜனவரி வரை ஆயிற்று. அதற்குள் துப்பாக்கி போய் ஊசிமணியும் பாசிமணியும் பிளாஸ்டிக் சாமானும் பிழைப்பாகிவிட்டன.

அப்படியானால் செம்பு தீர்வா? செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். கல்லடுப்பில் நடக்காது. தன் ஈயத் தோட்டாவைத் தானே வார்த்துக்கொண்ட அமெரிக்கக் கைவினைக்காரனும் செம்புத் தோட்டாவைக் கம்பெனியிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஈயத்தைவிட அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், சின்ன விட்டத்தில் அதை நிலையாகச் சுழலவைக்கக் குழலின் முறுக்கும் மாற வேண்டும். எல்லாம் தொழிற்சாலைக் கணக்கு. விஷம் போகும்போது கையும் சேர்ந்து போகிறது. அமெரிக்க ராணுவமே 2010இல் 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு ஈயமில்லாத தோட்டாவை எடுத்துக்கொண்டது. பசுமைத் தோட்டா என்று அதற்குச் செல்லப் பெயர். ஆப்கானிஸ்தானத்து மண் கெடவில்லை என்று சந்தோஷப்படலாம்.

செம்பும் எங்கோ ஓர் ஊரில் உருக்கப்பட வேண்டும். மதுரையிலிருந்து தூத்துக்குடி மூணு மணி நேரம். அங்கே செம்பு உருக்காலையின் புகைக்கு எதிராக நடந்தவர்கள் மேல் 2018 மே 22இல் போலீஸ் சுட்டது, மறுநாளும் சுட்டது, 13 பேர் செத்தார்கள். அந்த ஆலையின் செம்பு தோட்டாவுக்குப் போனது என்று நான் சொல்லவில்லை. கம்பிக்கும் மோட்டாருக்கும் போயிருக்கும். ஆனால் 'ஈயமற்றது' என்று ஒரு பெட்டியின்மேல் எழுதும்போது, அந்த மாற்று உலோகத்தின் விஷம் எந்த ஊருக்குக் கணக்கு எழுதப்படுகிறது என்று கேட்டாக வேண்டும். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவைத் தள்ளியது.

நம்மூரில் ஈயமில்லாத குண்டு ஏற்கெனவே உண்டு. ஈயம் கிடைக்காதவன் நாட்டுத் துப்பாக்கியில் சைக்கிள் பால்ரஸைப் போட்டான். துப்பாக்கியே கிடைக்காதவன் தீனிக்குள் வெடிமருந்தை வைத்து அவுட்டுக்காய் செய்தான். பன்றி கடித்தால் வாய் கிழியும். யானைக்கும் மாட்டுக்கும் கிழிந்திருக்கிறது. ஈயம் ஒரு துளி இருக்காது.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி குறித்து ஒரு ஆணை போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால் சுடலாம். சுடுகிறவர் வனத்துறை ஆளாக இருக்க வேண்டும். நிலக்கடலை போட்டவர் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பன்றி ராத்திரி வரும்.