காவலர் இல்லாத சிறை

சிறைகளின் வரலாற்றை எழுதுவோர் கைதிகளைப் பற்றி எழுதுவார்கள். கட்டடத்தைப் பற்றியும் எழுதுவார்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பிஸ்கடாகுவா ஆற்றின் சீவி தீவில் எழுந்த போர்ட்ஸ்மத் கடற்படைச் சிறையின் கதையோ பெரிதும் காவலைப் பற்றியது.

1898-ல் ஸ்பானியப் போரில் பிடிபட்ட சுமார் 1,600 பேரை இத்தீவில்தான் முகாமிட்டு வைத்திருந்தார்கள். பிறகு சதரி என்ற பழைய கப்பல் சிறையாயிற்று. 1908-ல் கான்கிரீட் சிறை திறக்கப்பட்டது. கொத்தளங்கள் கொண்ட அதனைக் 'கோட்டை' என்றே அழைத்தனர். உள்ளே இருந்தவர்களில் மிகுதியானோர் கொடுங்குற்றவாளிகள் அல்லர். பணியை விட்டு ஓடியவர்கள், விடுப்பு கடந்தும் திரும்பாதவர்கள். காவல் மரைன் படையிடம். கப்பல்களில் மாலுமிகளை அடக்கி வைப்பதே மரைன்களின் பழைய வேலை. அந்தக் கசப்பு சிறைக்குள் நுழையவில்லை என்று நம்ப நமக்குக் காரணமில்லை.

1917-ல் கடற்படைச் செயலர் ஜோசபஸ் டேனியல்ஸ், தாமஸ் மாட் ஆஸ்பர்னைச் சிறைத் தலைவராக்கினார். விசித்திரமான மனிதர். செல்வந்தர், ஆபர்ன் நகரின் முன்னாள் மேயர். 1913-ல் 'டாம் பிரவுன்' என்ற பெயரில் ஆபர்ன் சிறையில் ஒரு வாரம் கைதியாகவே வாழ்ந்து பார்த்தவர். பின்னர் சிங் சிங் சிறையின் தலைவராக இருந்து, கைதிகளே தம்மை ஆளும் சங்கத்தை அங்கும் நடத்தியவர். போர்ட்ஸ்மத்தில் அவர் செய்தது அதனினும் துணிச்சலானது. மரைன் காவலர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கைதிகளையே காவலுக்கு நிறுத்தினார். போர்க்காலம், கைதிகளின் எண்ணிக்கை பெருகிய நேரம். நமது மொழியில் 'காவல்' என்ற சொல் அடைத்து வைப்பதையும் குறிக்கும், காப்பதையும் குறிக்கும். ஆஸ்பர்ன் இரண்டாம் பொருளையே எடுத்துக்கொண்டார் போலும்.

தண்டனை முடித்தவர்களை மீண்டும் கப்பலுக்கு அனுப்புவதே அவர் நோக்கம். அங்குதான் சிக்கல். சிறையிலிருந்து வருவோரைத் தம் கப்பலில் ஏற்கவேண்டிய அதிகாரிகள் கொதித்தனர். அவர்களது அச்சத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கடலில் ஒருவனது பிழைக்குப் பலர் உயிர் தர நேரும். புகார்கள் முற்றவே, அன்று துணைச் செயலராயிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விசாரித்தார்; முடிவு ஆஸ்பர்னுக்குச் சாதகமாகவே அமைந்தது. ஆயினும் 1920-ல் அவர் விலகினார். மரைன்கள் திரும்பி வந்தனர்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-ல், கைதிகள் 3,000-ஐத் தாண்டினர். 1974-ல் சிறை மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான 'தி லாஸ்ட் டீடெய்ல்' திரைப்படத்தில், ஓர் இளம் மாலுமியை இந்தச் சிறைக்கு அழைத்துச் செல்லும் காவலர் இருவருமே மாலுமிகள்தாம்.