கினிப்பன்றி வளர்ப்பு: உலர்புல் தட்டுக்கு ஏற்ற விரிப்பைத் தேர்வு செய்வது எப்படி?

செல்லப்பிராணி விற்பனைக்காக கினிப்பன்றி வளர்ப்போர் தீவனத்தில் காட்டும் கவனத்தைத் தட்டின் அடியில் போடும் விரிப்பில் காட்டுவதில்லை. கினிப்பன்றிகள் நாள் முழுவதும் உலர்புல்லைக் கொறிக்கும். கொறித்துக்கொண்டே அதே இடத்தில் சிறுநீரும் புழுக்கையும் போடும். எனவே கூண்டிலேயே அதிகம் ஈரமாகும் இடம் உலர்புல் தட்டுதான்.

ஈரத்தால் என்ன கெடும்?

கினிப்பன்றியின் உள்ளங்காலில் ரோமம் கிடையாது. ஈரத்தில் நின்றால் தோல் ஊறி, சிவந்து, புண்ணாகும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாடை நுரையீரலைப் பாதிக்கும். நனைந்த புல்லில் பூஞ்சை பிடிக்கும். அதை அவை தின்னாது. ஒரு நாள் தீனி எடுக்காவிட்டாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகலாம். குட்டிகள் ரோமத்துடனும் திறந்த கண்ணுடனும் பிறந்து, முதல் சில நாட்களிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்குவதால், அவையும் இதே தட்டில்தான் அமரும்.

நல்ல விரிப்பின் இலக்கணம்

அதிக ஈரத்தை உறிஞ்சினால் மட்டும் போதாது. மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். இதைச் சோதிப்பது எளிது. விரிப்பின் மேல் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கை நனைந்தால் காலும் நனையும். ஈரத்தைக் கீழே விடும் மேல் அடுக்கு, அதைப் பிடித்து வைக்கும் கீழ் அடுக்கு என இரண்டு அடுக்கு இருந்தால்தான் மேற்புறம் உலர்ந்திருக்கும்.

துணி விரிப்பு

நான்கைந்து கினிப்பன்றிகள் மட்டும் வைத்திருப்போருக்கு இது சிக்கனமானது. கீழே பழைய தேங்காய்ப்பூ துண்டை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே போர்வைக்குப் பயன்படும் ஃபிளீஸ் துணியை விரிக்கலாம். புது ஃபிளீஸ் தண்ணீரை உருட்டி விடும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே ஈரத்தைக் கீழே விடும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இந்தத் தன்மை கெட்டுவிடும்.

ஒரு தட்டுக்கு மூன்று விரிப்புகள் வேண்டும்: ஒன்று தட்டில், ஒன்று துவைப்பில், ஒன்று காயும் கொடியில். மழைக்காலத்தில் இன்னொன்று கூடுதலாக இருக்கட்டும்.

மாற்றிப் போடும் விரிப்பு

எண்ணிக்கை அதிகமானால் தினமும் துவைப்பது இயலாது. தட்டின் அடியில் செய்தித்தாளை நான்கைந்து அடுக்காகப் போட்டு, அதன்மேல் தூசி சலித்த, நன்கு காய்ந்த மரச்சீவலை 4 முதல் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, அதற்கு மேல் உலர்புல் வையுங்கள். செய்தித்தாளை மட்டும் போட்டால் மேற்புறம் ஈரமாகவே இருக்கும். கழிவை மண்புழு உரக் குழிக்கோ எருக்குழிக்கோ அனுப்பலாம்.

தவிர்க்க வேண்டியவை

* நைசான மரத்தூள்: தூசி மூக்கில் ஏறும்.
* பிசின் வாடை வீசும் பைன், தேவதாரு மரச்சீவல்.
* உமி: ஈரத்தை அதிகம் பிடிக்காது, கூர்முனை கண்ணில் குத்தும்.
* பிரிந்த சணல் சாக்கு, நூல் தொங்கும் துணி: காலில் சுற்றி இறுக்கும்.
* பஞ்சு, கட்டியாகும் பூனை மணல்: தின்றால் குடலை அடைக்கும்.

பராமரிப்பு

புழுக்கைகளையும் நனைந்த புல்லையும் தினமும் அள்ளிவிடுங்கள். விரிப்பை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுங்கள். நின்றபடி முகர்ந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. குனிந்து தட்டின் மட்டத்தில் முகர வேண்டும். கினிப்பன்றி சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். அங்கே மூக்கு எரிந்தால் மாற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டது என்று பொருள்.

தட்டில் படியும் வெள்ளைப் படிவம் சிறுநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். பிறகு நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள்.

வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், புண் தெரிந்தால் உடனே விரிப்பை மாற்றிவிட்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய பென்சிலின், அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அவை குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழிப்பதால் கினிப்பன்றி இறந்துவிடும்.