கோட்டைக்குள் ஒரு சிங்கமும் ஒரு புலியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடை விடுமுறையின்போது லண்டனில் மகளின் வீட்டில் தங்கியிருந்தேன். வார இறுதியில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற விவாதம் இரவுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பமானது. சிங்கங்களுக்கு நடுவே காரில் போகும் சஃபாரி பூங்காவே வேண்டும் என்றான் பேரன். அரண்மனை பார்க்க வேண்டும் என்றாள் பேத்தி. மருமகன் தூரத்தையும் பெற்றோல் செலவையும் நுழைவுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கோ மதியச் சாப்பாட்டுக்குப் புட்டுக் கட்டுவதா, சாண்ட்விச் செய்வதா என்பதே பெரிய கவலை. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் வீடுகள் எல்லாவற்றிலும் நடைபெறும் மாநாடுதான் இது.

இறுதியில், கிட்ட இருக்கிறது என்பதால் விண்ட்சர் கோட்டை வென்றது. பேரனின் முகம் வாடியதைக் கண்டு, ஒரு காலத்தில் விண்ட்சருக்குப் போனால் கோட்டையையும் சிங்கங்களையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. சர்க்கஸ் நடத்திப் புகழ்பெற்ற ஸ்மார்ட் குடும்பத்தினர் 1969ஆம் ஆண்டு விண்ட்சர் நகருக்கு இரண்டு மைல் தொலைவில் ஒரு சஃபாரி பூங்காவை ஆரம்பித்தார்கள். கடனில் மூழ்கி 1992ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. 1996ஆம் ஆண்டு அதே நிலத்தில் திறக்கப்பட்டதுதான் இன்று பிள்ளைகள் அடம்பிடித்துப் போகும் லெகோலாண்ட்.

அதே 1992ஆம் ஆண்டு நவம்பர் மாதம் விண்ட்சர் கோட்டையும் தீப்பற்றி எரிந்தது. திருத்த வேலைக்குச் சுமார் மூன்றரைக் கோடிப் பவுண்களுக்கு மேல் செலவாயிற்று. அதற்குப் பணம் தேடவே அடுத்த ஆண்டு பக்கிங்ஹாம் அரண்மனை முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் கோடையில் திறந்துவிடப்பட்டது. கட்டணம் செலுத்தி வரிசையில் நின்ற குடும்பங்களின் காசுதான் அரச மாளிகையின் எரிந்த கூரையை மீண்டும் வேய உதவியது என்பது குறிப்பிடத்தக்கது.

கோட்டைக்கும் காட்டு விலங்குக்கும் உள்ள உறவு இங்கிலாந்தில் மிகப் பழையது. 1235ஆம் ஆண்டு புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு மூன்று சிறுத்தைகளைப் பரிசாக அனுப்பினார். அவை சிங்கங்களாகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. லண்டன் கோபுரக் கோட்டையின் விலங்குச்சாலை அவற்றுடன்தான் தோன்றியது. 1252இல் நோர்வே மன்னரிடமிருந்து ஒரு வெண்கரடி வந்தது. சங்கிலியால் கட்டப்பட்ட அது தேம்ஸ் நதியில் இறங்கி மீன் பிடித்ததாகக் குறிப்புகள் உள்ளன. 1255இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி ஒரு யானையை அனுப்பினார். குளிர் நாட்டின் கற்சுவருக்குள் அது நெடுங்காலம் வாழவில்லை. தூரதேசத்து விலங்கைக் கட்டி வைத்திருப்பது, தூரதேசம் வரை தன் கை நீளும் என்று மன்னன் காட்டும் வழி. ஆறு நூற்றாண்டுகள் நீடித்த அந்த விலங்குச்சாலை 1835ஆம் ஆண்டுதான் மூடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த உறவு தலைகீழாயிற்று. மரணவரி பிரபுக்களின் குடும்பங்களை நெருக்கியது. வில்ற்ஷயரில் லோங்லீற் மாளிகையின் உரிமையாளரான ஆறாவது பாத் பிரபு, 1949ஆம் ஆண்டு தமது வீட்டைக் கட்டணத்துக்குத் திறந்துவிட்டார். 1966ஆம் ஆண்டு ஜிம்மி சிப்பர்பீல்ட் என்ற சர்க்கஸ்காரருடன் சேர்ந்து தோட்டத்தில் சிங்கங்களையும் விட்டார். ஆபிரிக்காவுக்கு வெளியே காரில் இருந்தபடி பார்க்கும் முதலாவது சஃபாரி பூங்கா அதுவே. தொடர்ந்து வோபர்ன், நோஸ்லி என்று மற்றப் பிரபுக்களும் அதே வழியில் போனார்கள். முன்னர் சிங்கம் மன்னனின் பெருமையைக் காட்டிற்று. இப்போது பிரபுவின் வீட்டைக் காப்பாற்றுகிறது. 'சஃபாரி' என்ற சொல்லும் தூரத்திலிருந்து வந்ததுதான். அரபு மொழியின் 'சஃபர்' சுவாஹிலி வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று. எங்கள் ஊர் முஸ்லிம் மக்கள் பயணத்தைச் 'சபர்' என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு இச்சொல் அந்நியமாக இராது.

ஞாயிற்றுக்கிழமை விண்ட்சருக்குப் போனோம். அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன்னால் பேரன் நின்றுவிட்டான். உள்ளே தங்கத் தகடு போர்த்திய ஒரு புலித்தலை. கண்களும் பற்களும் பளிங்கு. "அம்மப்பா, நீங்கள் சொன்ன சிங்கம் இல்லை, ஆனால் புலி இருக்குது" என்றான். அது திப்பு சுல்தானின் சிம்மாசனத்தை அலங்கரித்த புலி. 1799ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்ட பின்னர், அச்சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கிட்டார்கள். புலித்தலையைக் கிழக்கிந்தியக் கம்பனி 1831ஆம் ஆண்டு மன்னர் நான்காம் வில்லியத்துக்கு அன்பளிப்புச் செய்தது.

இதே விண்ட்சரில் ஒரு காலத்தில் சிங்கமும் இருந்தது. கண்டி மன்னரின் சிம்மாசனத்தின் இரு கைப்பிடிகளும் சிங்க வடிவானவை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குப் பரிசளித்தது அது. 1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபோது சிம்மாசனமும் கிரீடமும் கடல் கடந்தன. நூறாண்டுக்கு மேலாக விண்ட்சரில் இருந்த அச்சிம்மாசனத்தை, 1934ஆம் ஆண்டு குளோஸ்டர் கோமகன் இலங்கைக்குத் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இன்று அதனைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம். சிங்கமும் புலியும் என்றதும் இலங்கைத் தமிழரின் மனத்தில் வேறு நினைவுகள் எழும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

நாற்காலிகள் இரண்டும் விண்ட்சருக்குப் போயின. மனிதர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் போனதும் ஒரு கோட்டைக்குத்தான். அதுவும் ஒரே கோட்டைக்கு. திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1806ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1816இல், கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தமது குடும்பத்தாருடன் அதே வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் வம்சத்து மன்னர் அவர். 1832ஆம் ஆண்டு, சிறைவாசத்திலேயே மறைந்தார். பாலாற்றங்கரையில் அவரது சமாதி இருக்கும் இடத்தில் தமிழ்நாடு அரசு 1990ஆம் ஆண்டு முத்து மண்டபத்தை எழுப்பியது. வேலூர்க் கோட்டையும் இன்று குடும்பங்கள் பொழுதுபோக்கும் இடந்தான். மாலையில் அகழியோரம் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள்.

திரும்பி வரும்போது காரில் இதையெல்லாம் சொன்னேன். பேத்தி நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த ராசாவைப் பிறகு வீட்டுக்குப் போகவிட்டவையோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கதிரையை மட்டும் விட்டவை, என்ன?" என்றாள். மன்னர் மறைந்து நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து அவரது கதிரை மட்டும் வீடு திரும்பிய கதையை நான் ஒரு முழுக் கட்டுரையில் சொல்ல நினைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போக முடியாமல் இருப்பது என்றால் என்ன என்பதை அவள் தன் பெற்றோரிடம் கேட்டறிந்திருக்கலாம். அதன் பின்னர் வீடு வரும்வரை காரில் ஒருவரும் பேசவில்லை.

விடுமுறைக்குக் கோட்டை பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். திறக்கும் நாளையும் நேரத்தையும் விசாரியுங்கள். மழைக்குக் குடையும் பசிக்குப் புட்டும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றோடு, அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் ஏதாவது ஒரு பொருளின் கதையை முதல் நாள் இரவே நீங்கள் படித்துவைத்திருங்கள். அது எங்கிருந்து வந்தது, அதன் சொந்தக்காரர் என்னவானார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மிகுதியை அவர்களே கேட்பார்கள்.