கடற்பஞ்சின் கருவூலம்

பல்லில்லை, நகமில்லை, ஓடி ஒளியக் காலில்லை, உடலைக் காக்க ஓடுமில்லை! பாறையிலே ஒட்டியபடி, மேனியெங்கும் உள்ள துளைகளின் வழியே கடல்நீரை இழுத்து, அதில் மிதந்துவரும் நுண்ணுயிர்களை உண்டு வாழ்கிறது கடற்பஞ்சு. செடியென்றே அதனை நெடுங்காலம் எண்ணினர். செடியன்று, விலங்கு! இடம் பெயராத இவ் விலங்கு, மீனுக்கும் நண்டுக்கும் இரையாகி அழியாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் தழைத்தது எங்ஙனம்? நஞ்சும் பிற விந்தைப் பொருள்களும் அதன் உடலிலே ஊறிக்கிடப்பது ஒரு காரணம். அப் பொருள்களிலே மருந்து தேடியவர்களின் வரலாற்றைத்தான் நாம் ஈண்டு பேசப் புகுகிறோம்.

முன்கழுத்துக் கழலைக்குக் கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கித் தருவது இடைக்கால ஐரோப்பாவின் வழக்கம். சிலருக்குக் குணம் கண்டது. ஏன் கண்டது என்று கேட்டாரில்லை. 1811-இல் கூர்த்துவா எனும் பிரெஞ்சுக்காரர் கடற்பாசிச் சாம்பலிலே அயோடினைக் கண்டார். 1820-இல் ஜெனிவா மருத்துவர் குவாந்தே, பஞ்சுச் சாம்பலின் ஆற்றலும் அயோடினே என்று கருதி, அதனையே கழலைக்குக் கொடுத்தார். கழலை சுருங்கிற்று! பாட்டி வைத்தியம் என்று எள்ளவுமில்லை, பழமையென்று பணியவுமில்லை. பிரித்துப் பார்த்தார் அவர். அளவு மீறி உண்டோர்க்குத் தீங்கு விளைந்தது, எதிர்ப்பும் எழுந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த பெருந்திருப்பம் 1945-இல், அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் நிகழ்ந்தது. யேல் பல்கலைக்கழகத்து வெர்னர் பெர்க்மன், கடலுயிர்களின் கொழுப்புப் பொருள்களை ஆய்ந்துகொண்டிருந்தவர். மருந்து தேடிப் புறப்பட்டவரல்லர். அங்கே திரட்டிய கிரிப்டோடெத்தியா கிரிப்டா எனும் கடற்பஞ்சினை அசிட்டோனில் கொதிக்க வைத்தபோது, எதிர்பாராத படிகங்கள் திரண்டன. அவரும் ராபர்ட் ஃபீனியும் அப் படிகங்களை விடாமல் ஆராய்ந்து, 1950-51-இல் முடிவுகளை வெளியிட்டனர். உயிரணுவின் நியூக்ளிக் அமிலத்தைக் கட்டும் செங்கற்களைப் போன்றனவே அவை. ஆனால் ஒரு வேறுபாடு! ரைபோஸ் சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் அராபினோஸ் இருந்தது.

சிறு வேறுபாடுதானே என்று விட்டிருந்தால்? விடவில்லை. 1959-இல் பெர்க்லியில் வால்விக், ராபர்ட்ஸ், டெக்கர் ஆகிய மூவர், அதே அமைப்பைப் பின்பற்றி சைட்டராபினை ஆய்வுக்கூடத்திலே ஆக்கினர். வெறிகொண்டு பெருகும் புற்றணு, அதனை நல்ல செங்கல் என்று நம்பி எடுத்து வைக்கிறது, சுவர் மேலே எழும்ப மறுக்கிறது, அணு மடிகிறது. 1969-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. கடும் இரத்தப் புற்றின் ஒருவகைக்கு இன்றும் அடிப்படை மருந்து அதுவே. கடற்பஞ்சிலே இருந்தது இம் மருந்தன்று என்பதை இளந்தோழர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும். கடல் குறிப்புக் காட்டிற்று. மருந்தை மனிதன் செய்தான்.

இயற்கை அள்ளி வழங்கும் என்போர் ஜப்பான் நாட்டுக் கதையையும் கேட்கட்டும். ஹிராட்டாவும் உயமுராவும் ஹாலிகோண்ட்ரியா ஒகாடாய் எனும் கடற்பஞ்சை 600 கிலோ திரட்டினர். புற்றணுவைக் கொல்லும் ஹாலிகோண்ட்ரின்-பி அதிலே எவ்வளவு கிடைத்தது? 12.5 மில்லிகிராம்! ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை. 1986-இல் அச்செய்தியை அவர்கள் வெளியிட்டனர். நியூசிலாந்துக் கடலில் வேறோர் இனத்தை ஒரு டன் எடுத்துப் பார்த்தபோதும் 300 மில்லிகிராம் அளவே தேறிற்று. மருந்துக்கென்று கடலை வழித்தெடுத்தால் பஞ்சினம் அழியும், நோயாளிக்கும் போதாது. 1992-இல் ஹார்வர்டின் கிஷியும் அவர்தம் குழுவினரும் அச்சேர்மத்தை முழுமையாகச் செயற்கையில் ஆக்கினர். ஆற்றல் அதன் ஒரு பாதியிலேயே அடங்கியிருப்பது பின்னர் விளங்கிற்று. அப்பாதியைச் செப்பனிட்டு உருவாக்கிய எரிபுலின், 2010-இல், பரவிவிட்ட மார்பகப் புற்றுக்கு மருந்தாயிற்று.

அதற்காக 762 பெண்களிடம் ஆய்வு நடத்தினர். எரிபுலின் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 13.1 மாதம், பிற சிகிச்சை பெற்றோர்க்கு 10.6 மாதம். இரண்டரை மாதந்தானா என்பார் உளர். முன்னரே பல மருந்துகள் பயன்தராது கைவிட்ட பெண்கள் அவர்கள்.