தாத்தாவின் தேக்குப் பத்திரமும் நிலம்பூர் காடும்

எங்கள் தாம்பரம் வீட்டு பீரோவில் ஒரு பத்திரம் இருக்கிறது. 1990களில் ஏதோ ஒரு தேக்குக் கம்பெனியில் தாத்தா பணம் போட்டதற்கு அத்தாட்சி. கம்பெனி போய்விட்டது, மரப் படம் போட்ட காகிதம் மட்டும் மிச்சம். பி.காம். படிக்கிறவன் என்பதால், தேக்கு வளர்த்து உண்மையிலேயே லாபம் பார்த்தவர்கள் உண்டா என்று தேடப் போனேன். மாட்டியது நிலம்பூர்.

இன்று அது கேரளா. ஆனால் 1956 வரை மலபார் நம்ம சென்னை மாகாணத்தில்தான் இருந்தது, உத்தரவெல்லாம் கோட்டையிலிருந்துதான் போகும். இங்கிலாந்தில் கப்பலுக்கு ஓக் மரம் தட்டுப்பாடு. கண் மலபார் தேக்கின் மேல் விழுந்தது. (1817ல் பம்பாயில் தேக்கில் கட்டிய 'ட்ரிங்கோமாலி' என்ற கப்பல் இன்னும் இங்கிலாந்தில் மிதக்கிறது. பெயரைப் பாருங்கள், நம்ம திருகோணமலை!) 1806ல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டுக்குக் காப்பாளராகப் போட்டார்கள். அவர் செய்தது தேக்கு முழுவதும் கம்பெனிக்கே என்று பிடுங்கிக்கொண்டதுதான். நிலக்காரர்களும் வியாபாரிகளும் கொதித்தார்கள். 1823ல் கவர்னர் மன்றோ (தீவுத்திடலில் குதிரை மேல் இருப்பாரே, அவரேதான்) அந்தப் பதவியையே ஒழித்தார். அப்புறம் ஆளாளுக்கு வெட்டினார்கள். 1840 வாக்கில் நல்ல மரம் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

அப்போது மலபார் கலெக்டர் எச்.வி. கோனோலி. இருப்பதைக் காப்பதை விட்டுவிட்டு, புதிதாக நடலாம் என்றார். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து 1842ல் ஆரம்பித்தார். விதை முளைக்கவில்லை! தேக்கு விதையின் ஓடு அவ்வளவு கெட்டி. ஊற வைத்து, மழை தொடங்கும்போது விதைத்து, பல தடவை தோற்ற பிறகுதான் 1844ல் பிடிபட்டது. களத்தில் நின்று இதைச் சாதித்தவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. 1862க்குள் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளர்த்துவிட்டார். ஆனால் பெயர் என்னவோ 'கோனோலி பிளாட்' :-)

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ரூபாயை 6 சதவீதக் கூட்டு வட்டியில் 60 வருஷம் போட்டால் சுமார் 33 ரூபாய். அவ்வளவு காலம் எந்தத் தனி ஆள் காத்திருப்பான்? கோனோலியே 1855ல் மாப்பிளாக் கலகக்காரர்களால் கொல்லப்பட்டார், ஒரு மரம்கூட முதிர்ந்து பார்க்கவில்லை. சாகாத முதலாளியான சர்க்காரால்தான் இது முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டிய மரம் சாலியாற்றில் மிதந்து பேப்பூருக்கும் கல்லாயிக்கும் போனது. வண்டிக்கூலி மிச்சம்.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. பல வகை மரம் நின்ற இடத்தில் தேக்கு மட்டும் நட்டால் மண் அரிக்கிறது, இலை தின்னும் புழுவுக்குக் கொண்டாட்டம். ஒரே நிலத்தில் இரண்டாவது, மூன்றாவது தடவை நடும்போது முதல் தடவை போல விளைச்சல் வருமா என்பது இன்றும் ஆராய்ச்சியில் இருக்கும் கேள்வி. 1846ல் நட்ட மரங்களில் சில மட்டும் வெட்டாமல் நிற்கின்றன, டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

தாத்தாவின் பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 20 வருஷம் என்று போட்டிருக்கிறது. மரம் எந்த ஊரில் நட்டிருக்கிறது என்ற விவரம் மட்டும் எங்கும் இல்லை.