சான் நிக்கோலாஸ் (பத்தாங்காஸ்)

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், பத்தாங்காஸ் மாகாணத்தில், தால் ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்த சிறிய நகராட்சி. நகராட்சி என்ற சொல் பெரிய ஊரை நினைவூட்டலாம். அந்நாட்டில் நாட்டுப்புறத்து ஊர்த்தொகுதிகளுக்கும் அதுவே பெயர். பரங்கே எனப்படும் 18 சிற்றூர்கள் இதில் அடங்கும். அவற்றுள் அலாஸ்-ஆஸ், புலாங்-பாத்தோ ஆகிய இரண்டும் கரையில் இல்லை. ஏரியின் நடுவே எரிமலை எழுந்து நிற்கும் தீவிலேயே உள்ளன. தீவின் தென்பகுதி சான் நிக்கோலாஸுக்கும் வடபகுதி எதிர்க்கரை ஊரான தாலிசாய்க்கும் உரியவை. மீன்பிடிப்பும் பயிர்த்தொழிலும் மக்களின் பிழைப்பு. இன்றைய ஊரைவிட, இதே மண்ணில் முன்பு இருந்து பிறகு இடம்பெயர்ந்துபோன ஊரைப் பற்றியே ஏடுகள் மிகுதியாகப் பேசுகின்றன.

ஸ்பானியர் வருகைக்கு முந்தைய எழுத்துச் சான்று இல்லை. 1570இல் ஸ்பானியர்களான மார்ட்டின் டி கோயிட்டியும் ஹுவான் டி சல்சேடோவும் இப்பகுதிக்கு வந்தனர். ஏரியைக் கடலோடு இணைக்கும் பான்சிபித் ஆற்றுவழியில் சல்சேடோ காலில் அம்பு தைத்துக் காயமுற்றார். அகஸ்தீனியத் துறவிகள் தால் என்ற ஊரை 1572இல் நிறுவினர் என்பது பரவலாகச் சொல்லப்படும் ஆண்டு. 1575இல் அது ஏரிக்கரைக்கு, அதாவது இன்றைய சான் நிக்கோலாஸ் இருக்கும் இடத்துக்கு, மாற்றப்பட்டதாகவும் தியேகோ எஸ்பினார் அங்கே முதல் கோயிலைக் கட்டியதாகவும் கூறுவர். அக்காலத்தில் ஏரிக்குப் பொம்போன் என்று பெயர்.

1603இல் ஹுவான் மானிங்காட் என்ற மீனவர் பான்சிபித் ஆற்றில் வீசிய வலையில் ஒரு சாணளவே உயரமுள்ள மரியன்னைச் சிலை சிக்கியது என்பது மரபு. வைத்த இடத்தில் நில்லாமல் சிலை அவ்வப்போது மாயமாகிவிடும் என்றும் ஒரு கதை உண்டு. கைசாசாய் அன்னை என்று வணங்கப்படும் அச்சிலைக்கு ஆற்றோரம் எழுந்த திருத்தலம், பின்னாளில் ஓர் ஊரே தஞ்சம் புகுந்த இடமாயிற்று.

1732இல் தால் மாகாணத்தின் தலைநகராயிற்று. அந்தப் பெருமை 22 ஆண்டுகளே நீடித்தது.

அதற்கு முடிவு கட்டிய 1754ஆம் ஆண்டின் எரிமலை வெடிப்பைப் பற்றி, அதை நேரில் கண்ட அகஸ்தீனியத் துறவி பிரான்சிஸ்கோ பென்குச்சில்லோவின் குறிப்பு கிடைக்கிறது. மணிலா வானிலைக்கூடத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி மிகேல் சதேரா மாசோ 1911இல் வெளியிட்ட நூல்வழியே அது பலருக்கும் தெரியவந்தது. மே 15 இரவு ஒன்பது பத்து மணியளவில் மலை திடீரென உறுமி நெருப்பைக் கக்கியது. அடுத்த நாள்களில் ஏரியெங்கும் நுரைக்கற்கள் மிதந்தன. ஜூன் 2 முதல் செப்டம்பர் 25 வரை நெருப்பும் சேறும் ஓயவில்லை. அந்தச் சேற்றின் கறையோடு ஒப்பிட்டால் நல்ல மையின் கறுப்பும் தோற்றுப்போகும் என்கிறார் துறவி. புகைத்தூணுக்குள்ளேயே இடிமேகங்கள் திரண்டு மாதக்கணக்கில் கலையாமல் நின்றதைத்தான் அவர் எல்லாவற்றிலும் விந்தையாகக் கருதினார். செப்டம்பர் 26 விடியலில் சாம்பலும் கல்லும் இரண்டு சாணுக்கு மேல் படிந்திருந்தன. கூரை தலையில் விழும் என்று அஞ்சி அவரும் உடனிருந்தவர்களும் வீட்டைவிட்டு வெளியேறி ஒரு கோபுரத்தில் தங்கினார்கள். நவம்பர் நடுவில் பாறைகள் உருண்டு ஏரியில் விழ, பேரலைகள் எழுந்தன. ஊர் மக்கள் கைசாசாய்த் திருத்தலத்துக்கு அனுப்பப்பட்டனர்.

நவம்பர் 28 மாலை ஏழு மணிக்கு எழுந்த சீற்றம், அதுவரை பல மாதங்களாகக் கக்கிய அனைத்தையும் கூட்டினாலும் ஈடாகாது என்று அவர் கணிக்கிறார். ஏரி கரையேறி வீடுகளுக்குள் புகுந்தது. எஞ்சியிருந்தவர்களைக் கூவி எழுப்பிக்கொண்டு அவரும் ஓடினார். ஊர் எல்லையில் இரண்டு குழந்தைகளையும் துணிமூட்டையையும் சுமந்துகொண்டு மேலே நடக்க மாட்டாமல் நின்ற ஒரு தாயைக் கண்டு, ஒரு குழந்தையைத் தாம் வாங்கிக்கொண்டார். தாயின் கையில் வீறிட்டு அழுதுகொண்டிருந்த அக்குழந்தை அவர் கைக்கு மாறியதும் சட்டென்று அடங்கியது. நெடுந்தூரம் சுமந்து சென்றும் வாயே திறக்கவில்லை. அந்த இரவைப் பற்றி எழுத எவ்வளவோ இருந்தும், இதையும் மறவாமல் குறித்துவைத்திருக்கிறார். ஓடும்போது அச்சத்தில் உணராத ஒன்றை, மேட்டில் ஒரு குடிசையில் அமர்ந்த பிறகே உணர்ந்தாராம்: நிலம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. மறுநாள் சேதத்தைப் பார்க்கத் திரும்பியவர்களுக்கும் நிம்மதி கிட்டவில்லை. சீற்றம் மீண்டும் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை நீடித்தது.

தால், லிபா, சாலா, தனாவான் ஆகிய ஏரிக்கரை ஊர்கள் அழிந்தன. தால் மக்கள் கைசாசாய்க்கு அருகே மேட்டில் புதிதாகக் குடியேறினர். ஊர்ப்பெயரும் அவர்களோடு போயிற்று. தலைநகர் பத்தாங்காஸ் ஊருக்கு மாறியது. பழைய கற்கோயிலின் இடிபாடுகள் சான் நிக்கோலாஸில் இன்றும் உள்ளன.

வெடிப்பில் பான்சிபித் வாய் அடைபட்டு ஏரியின் நீர்மட்டம் உயர்ந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முன் ஏரி உப்புநீராகவே இருந்ததா, கப்பல் செல்லும் அளவுக்குக் கடலோடு திறந்திருந்ததா என்பதில்தான் சிக்கல். தாமஸ் ஹார்குரோவ் 1991இல் வெளியிட்ட நூலில் அவ்வாறே இருந்ததென வாதிட்டார். லாஸ் பான்யோஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர் அவர். மூழ்கிய ஊர்களைத் தேடி ஏரிக்குள் முக்குளித்தும் பார்த்தவர்.

தவிலிஸ் என்ற மீனும் இந்த வழக்கில் சாட்சியாக இழுக்கப்படுகிறது. நம் மத்தி, சாளையின் உறவு. அதன் பேரினத்தில் நன்னீரில் வாழும் ஒரே இனம். தால் ஏரி தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1927இல் ஆல்பர்ட் ஹெர்ரே இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். கடல்மீன் 1754இல் உள்ளே அகப்பட்டு நன்னீருக்குப் பழகியது என்பது ஊரறிந்த விளக்கம். ஆனால் 2014இல் வெளியான மரபணு ஆய்வு, தைவான் பக்கத்துச் சாளை இனம் ஒன்றிலிருந்து இது பிரிந்தது அந்த வெடிப்புக்கு மிக மிக முந்தைய காலத்தில் என்கிறது. பிரிந்த காலமும் ஏரிக்குள் வந்த காலமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே கேள்வி தீர்ந்ததாகக் கொள்ள முடியாது. ஏரிக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வேறு உயிர்களும் உண்டு. பாரை இனத்தைச் சேர்ந்த மாலிபுத்தோ பான்சிபித் வழியே கடலுக்கும் ஏரிக்கும் போய்வருவது; கடலில் பிடிபட்டால் முஸ்லோ என்பார்கள், விலையும் குறைவு. நன்னீரில் வாழும் கடற்பாம்பு ஒன்றும் இங்கு உண்டு. ஏரியில் முன்பு காளைச்சுறாவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியோடு அது மறைந்துபோனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய சான் நிக்கோலாஸ் இருக்கும் இடம் தாலைச் சேர்ந்த ஓர் ஒதுக்குப்புறச் சிற்றூர் மட்டுமே. 1911 ஜனவரி 30 வெடிப்பில் ஏரிப்பகுதியில் 1,335 பேர் இறந்தனர். 1955இல் சான் நிக்கோலாஸ் தனி நகராட்சியாயிற்று; தாய் ஊரின் பழைய மண் அவ்வாறு தாய் ஊரைவிட்டுப் பிரிந்தது.

1965 செப்டம்பர் 28இல் தீவின் தென்மேற்குப் பக்கம் வெடித்துச் சுமார் 200 பேர் மாண்டனர். வெடித்த இடத்திலிருந்து நிலத்தையொட்டிச் சுற்றெங்கும் பாயும் சாம்பல் வீச்சை அறிவியலாளர் முதன்முதலில் தெளிவாக இனங்கண்டது இங்கேதான். அதை விளக்க அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மூர் அணுகுண்டுச் சோதனைகளோடு ஒப்பிட்டார்.

பின்னர் திலாப்பியா வளர்க்கும் கூண்டுகள் ஏரியில் பெருகின. 2011இல் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. தவிலிஸ் அருகிவருகிறது, 2018 மதிப்பீட்டில் அது அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அதைப் பிடிக்கத் தடை வந்தது.

2020 ஜனவரி 12இல் எரிமலை மீண்டும் வெடித்தது. நான்காம் நிலை எச்சரிக்கையின்கீழ் ஊர் முழுதும் காலி செய்யப்பட்டது, நிலம் பிளந்தது, பான்சிபித்தில் நீர் வற்றியது. பிப்ரவரி 14இல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு இறங்கியது. கரையோர மக்கள் திரும்பினர். நிரந்தர அபாய வலயமான தீவில் குடியிருக்க அனுமதியில்லை. 2021 ஜூலையிலும் 2022 மார்ச்சிலும் எச்சரிக்கை மீண்டும் உயர்த்தப்பட்டது.